பொம்மை ரயிலும் கூலியும்

ஓட்டமாவடியில் பிறந்தோர்க்கு ரயில் புதுமையன்று. 1928இல் மட்டக்களப்பை எட்டிய புகையிரதப் பாதை எமது ஊரில் இரும்புப் பாலத்தின்மீது நீரைக் கடந்தது. நெடுங்காலம் ரயிலும் பஸ்ஸும் அந்த ஒரே பாலத்தைப் பங்கிட்டுக்கொண்டன. ரயில் வந்தால் மற்றவை யாவும் கரையில் காத்து நிற்கும். அவ்வாறு காத்து நின்ற சிறுவருள் நாமும் ஒருவர்.

பொம்மை ரயில்களைப் பழுதுபார்க்கும் பழக்கம் எம்மைப் பற்றியதற்கு அதுவே காரணமாயிருக்கலாம். மத்திய கிழக்கில் பணிப்பெண்களாய் உழைக்கும் தாய்மார் கொண்டுவரும் ரயில்கள் இங்கு பல வீடுகளில் உண்டு. பற்றரி கசிந்து தகட்டில் பச்சை பூத்திருக்கும்; எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் மின்சாரம் மீண்டும் பாயும். அச்சில் தலைமயிர் சுற்றியிருக்கும். மோட்டார் சுழன்றும் சக்கரம் அசையாவிடின், பிளாஸ்ரிக் பற்சக்கரம் வெடித்து அச்சில் வழுக்குகிறது என்று பொருள். செத்துப்போன இன்னொரு ரயிலின் வயிற்றைத் திறக்கவேண்டியதுதான்.

பாடசாலை விட்டு வந்து இவற்றை இலவசமாகவே செய்தோம். மேசை நிறைந்து திண்ணைக்கும் பரவியபோது, இதையே தொழிலாக்கினாலென்ன என்ற கேள்வி வீட்டில் எழுந்தது.

லிவர்பூலில் கணக்கெழுதிய பிராங்க் ஹோர்ன்பி தம் மைந்தர்க்காகச் செய்த விளையாட்டுப் பொருளுக்கு 1901இல் காப்புரிமை பெற்றார். 1920இல் ஹோர்ன்பி ரயில்களும் வந்தன. பொழுதுபோக்கு பெருந்தொழிலாயிற்று, பாராட்டத்தக்கதே. ஆனால் 1979 நவம்பரில் அந்த லிவர்பூல் தொழிற்சாலையை மூடியபோது, தொழிலாளர் வெளியேற மறுத்து உள்ளேயே அமர்ந்தனர் என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும். வேறு கம்பெனிக்குக் கைமாறிய ஹோர்ன்பி ரயில்களின் உற்பத்தியோ 1990களில் சீனத்துக்குச் சென்றது.

விலை குறிக்க அமர்ந்தபோதுதான் சிக்கல் விளங்கிற்று. இரண்டு மணி நேர வேலைக்கு நியாயமான கூலி கேட்டால், கடையிலுள்ள புது ரயில் அதைவிட மலிவு. அதைப் பூட்டிய கைகளுக்கு என்ன கொடுத்திருப்பார்கள்? அந்தக் கைகளோடு நாம் போட்டியிடுவதா? ஒரு வாரம் பலகை எழுதாமலே கிடந்தது.

அப்போது ஒரு மூதாட்டி பேரனோடு வந்தார். ரயில் குவைத்திலிருந்து வந்தது. பையனின் உம்மா மீண்டும் அங்கேதான் இருக்கிறாள். பற்சக்கரம் மாற்றினோம். ரயில் ஓடிற்று. பையன் சிரிக்கவில்லை, காதருகே பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். மூதாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். வேண்டாம் என்றோம்.

"என்ட மகள் அங்க சும்மாவா வேல செய்யிறா, சேர்? புடிங்க."

முந்நூறு ரூபா. வாங்கிக்கொண்டோம். பலகையில் அன்றிரவு அதே தொகையைத்தான் எழுதினோம். கணக்கு இன்னும் சரிவரவில்லை.