ஊமை எழுத்து

இங்கிலீஷ் பாஷையில் ஓ, யு, ஜி, ஹெச் என்று நான்கு எழுத்துக்கள் வரிசையாகக் கைகோத்துக்கொண்டு வரும். தனித்தனியே பார்த்தால் நால்வரும் சாதுக்கள்தான். சேர்ந்துவிட்டாலோ ஒருவருக்கும் அடங்கமாட்டார்கள். கடினம் என்று பொருள்படும் 'டஃப்' என்ற சொல்லில் 'அஃப்' என்பார்கள். இருமலைச் சொல்லும் 'காஃப்'பில் 'ஆஃப்' என்பார்கள். ரொட்டிக்குப் பிசைந்த மாவு 'டோ'. அங்கே வெறும் 'ஓ'. ஊடே என்ற அர்த்தமுள்ள 'த்ரூ'வில் 'ஊ'. மரக்கிளை 'பௌ', கலப்பை 'ப்ளௌ'. விக்கலுக்குச் சிலர் எழுதும் 'ஹிக்கப்'பில் 'அப்' என்று முடித்துக்கொள்வார்கள்.

இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே சொல்; அதை 'ஸ்லௌ' என்று வாசித்தால் சேற்றுக் குழி, 'ஸ்லஃப்' என்று வாசித்தால் பாம்பு உரித்த சட்டை. எழுத்தில் ஓர் இம்மியும் வித்தியாசம் கிடையாது. காலை வைக்கப் போவது சேற்றிலா, பாம்புச் சட்டையிலா என்று வாக்கியம் முழுவதையும் படித்த பிறகே தெரியும்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இந்த நான்கு எழுத்துக்களால் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு காரியம் நடந்துவிட்டது.

என் தகப்பனார் அரிசி மில்லில் கணக்கு எழுதியவர். இங்கிலீஷைக் கண்ணால் கற்றவர். காதால் கற்க அவருக்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. தினம் காலையில் இங்கிலீஷ் பத்திரிகையைத் திண்ணையில் உட்கார்ந்து உரக்க வாசிப்பார். ஒரு வரி இங்கிலீஷ். உடனே அதற்குத் தமிழ். கேட்பதற்கு அக்கம்பக்கத்திலிருந்து நாலைந்து பேர் வந்துவிடுவார்கள். எல்லோரும் நிலம் வைத்திருப்பவர்கள்.

நான் கல்லூரியில் சேர்ந்து முதல் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தேன். அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. பத்திரிகையில் வறட்சியைப் பற்றிப் பெரிதாகப் போட்டிருந்தான். வறட்சிக்கு உண்டான இங்கிலீஷ் சொல்லிலும் நம் நால்வர் இருக்கிறார்கள். அப்பா ஓர் எழுத்தையும் விடாமல், "ட்ரௌக்ட்" என்று வாசித்தார்.

"ட்ரௌட், அப்பா! ஜியும் ஹெச்சும் அதிலே ஊமை" என்று நான் சிரித்தேன்.

திருத்தியதில் தப்பில்லை, சிரித்ததுதான் தப்பு. அது என் சொந்தச் சிரிப்புக்கூட அல்ல. இரண்டு மாதத்துக்கு முன்னால் வகுப்பில் இதே போன்ற ஒரு சொல்லில் இடறி விழுந்து நான் வாங்கிக் கட்டிக்கொண்டது. அதை ரயிலேற்றிக் கொண்டுவந்து அப்பாவின் தலையில் இறக்கிவிட்டேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "நீயே படி" என்று பத்திரிகையை நீட்டினார். நான் பிசகில்லாமல் வாசித்து முடித்தேன். எதிர்ச்சாரியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "அது கிடக்கட்டும் தம்பி, நம்ம தாலுகா பட்டியலிலே இருக்கா, இல்லியா?" என்று கேட்டார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உச்சரிப்பிலேயே கண்ணாக இருந்தவனுக்கு விஷயம் எப்படி மனசில் தங்கும்? அப்பாதான் தூணில் சாய்ந்தபடியே, "இருக்கு, மாமா. மனுக் கொடுக்கணும்" என்றார்.

மறுநாளிலிருந்து அவர் உரக்க வாசிக்கவில்லை. மனசுக்குள் படித்துவிட்டுத் தமிழை மட்டும் சொன்னார். வந்தவர்கள் ஒன்றும் குறைந்ததாக நினைக்கவில்லை. எனக்குத்தான் காது கூசியது.

வெகுகாலம் கழித்து அந்தப் பாஷையின் சரித்திரத்தைப் படித்தேன். ஜியும் ஹெச்சும் பிறவி ஊமைகள் அல்லவாம். 1400-இல் காலமான சாசர் என்ற கவியின் நாளில், அந்த இடத்தில் தொண்டையை உரசிக்கொண்டு, 'க்'குக்கும் 'ஹ்'ஹுக்கும் நடுவில் ஒரு சப்தம் கேட்டது. ஜெர்மானியர் இன்றும் அதை விடாமல் வைத்திருக்கிறார்கள். 1476-இல் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சுக்கூடம் கொண்டுவந்தார். அதன் பிறகு எழுத்து மெல்ல மெல்ல ஈயத்தில் உறைந்துவிட்டது. பேச்சோ ஓடிக்கொண்டே இருந்தது. சில சொற்களில் அந்தத் தொண்டைச் சப்தம் மறைந்தது. சிலவற்றில் 'ஃப்' ஆயிற்று. முன்னால் நிற்கும் உயிரொலிகளும் திசைக்கொன்றாகப் போய்விட்டன. விக்கலுக்கு மட்டும் அந்தச் சப்தம் எக்காலத்திலும் இருந்ததில்லை. இருமலுக்கு உறவு என்று நினைத்து யாரோ அந்த எழுத்துக்களைப் பிற்பாடு ஒட்டவைத்தார்கள்!

நாம் மட்டும் என்ன? 'எஃகு' என்று எழுதிவிட்டு 'எக்கு' என்றுதானே பெரும்பாலும் வாசிக்கிறோம்? வாய் மறந்ததை எழுத்து ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறது.

வறட்சி என்ற அந்தச் சொல் சாசருடைய காண்டர்பரிக் கதைகளின் தொடக்கத்திலேயே வருகிறது. அவர் அதை வாசித்திருந்தால், நான் திருத்திக் கொடுத்ததைவிட என் தகப்பனார் வாசித்ததற்கே நெருங்கி இருந்திருக்கும். அப்பா தப்பாக வாசிக்கவில்லை. அறுநூறு வருஷம் தாமதமாக வாசித்தார், அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் அவர் சிரித்திருப்பார். அன்றைக்கு நான் சிரித்ததும் அதோடு கழிந்திருக்கும். ஆனால் அந்தப் புத்தகம் என் கைக்கு வந்தபோது திண்ணையில் அவர் இல்லை.