குமுளி சாலையில் புது வண்டி

தேனியில் கிளம்பிக் குமுளி எல்லை வரை சுமார் 60 கிலோமீட்டர். முன்பு தேசிய நெடுஞ்சாலை 220 என்றிருந்தது, இப்போது 183. புதிதாக பைக் பழகியவர்களுக்கு இதில் ஆபத்தான இடம் எது என்று கேட்டால், எல்லோரும் மலைப்பாதையைத்தான் காட்டுவார்கள். நான் உத்தமபாளையம் பைபாஸைச் சொல்வேன்.

வீரபாண்டியில் சித்திரைத் திருவிழா சமயத்தில் கௌமாரியம்மன் கோயில் கூட்டம் வேகம் எடுக்க விடாது. சின்னமனூரை நெருங்கினால் வயல்கள். அறுவடை நேரத்தில் டிராக்டர் டயர் இழுத்துவந்த சேறும் சிதறிய வைக்கோலும் சாலையில் கிடக்கும். அதன்மேல் ஏறிவிட்டால் பிரேக்கைத் தொடாதீர்கள், ஹேண்டிலை ஒடிக்காதீர்கள். ஆக்சிலேட்டரைத் தளர்த்தி நேராகக் கடந்துவிடுங்கள்.

உத்தமபாளையத்துப் பிள்ளைகள் வண்டி பழகுவது ஊர்த் தெருக்களில். அங்கே 30-க்கு மேல் போக வழியில்லை. தப்பு செய்தாலும் முட்டி சிராய்ப்போடு போகும். அதே பிள்ளை பைபாஸ் ஏறியதும், வழவழப்பான சாலையில் 80 கூட மெதுவாகப் போவதுபோலத் தோன்றுகிறது. 40-இல் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகும் வண்டி, 80-இல் 22 மீட்டர் போகிறது. ஆனால் பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. தோட்டத்துப் பாதையிலிருந்து திடீரென்று ஒரு டி.வி.எஸ். 50 புல்லுக்கட்டோடு ஏறும். சுற்றிப்போகச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் ஒருவர் வருவார். லாரியை முந்தும் கார் நம் பக்கத்துக்கே வந்துவிடும். ஆடி மாதமென்றால் கணவாய்க் காற்று வேறு: லாரியின் மறைவைத் தாண்டிய கணத்தில் பக்கவாட்டில் அடித்து வண்டியைத் தள்ளும். பின்பிரேக்கை மட்டும் நம்பிப் பழகியவர்களுக்கு இங்கே வண்டி நிற்காது. நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன்பிரேக்குக்குத்தான். இரண்டையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்த, ஆளில்லாத மைதானத்தில் முதலிலேயே பழக வேண்டும்.

கம்பத்தில் காலையும் மாலையும் ஏலத்தோட்ட ஜீப்புகள் பறக்கும். அவற்றோடு போட்டி வேண்டாம், வழிவிடுங்கள்.

கூடலூர் தாண்டி லோயர் கேம்ப். முல்லைப் பெரியாறு தண்ணீர் மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் மலைச்சரிவில் தெரியும். பார்க்க ஆசையென்றால் ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் பஸ் முழுச் சாலையையும் எடுத்துத்தான் திரும்பும். உள்பக்கம் நுழையாமல் கீழேயே காத்திருங்கள். இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது இங்கே பலருக்கும் பழக்கம். அதைக் கட்டாயம் விடவேண்டும். இன்ஜின் பிடிப்பு இல்லாமல் முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து சூடேறினால், கடைசி வளைவில் அது பிடிக்காது. எந்த கியரில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள். ஏறிவரும் வண்டிக்கு முதலில் வழிவிடுங்கள்.

மலையில் பயம் இருப்பதால் பிள்ளைகள் தாமாகவே நிதானமாகிறார்கள். பைபாஸில் அந்தப் பயம் இல்லை. அதனால் பிள்ளைக்கு வண்டி வாங்கித் தரும் பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்: சாவியோடு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் இரண்டு கொடுங்கள், பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து. முதல் சில மாதங்கள் பைபாஸுக்குத் தனியே அனுப்பாதீர்கள்.