ஒரு கலைச்சொல்லும் ஒரு பீரங்கி வண்டியும்

இளங்கலை இரண்டாமாண்டுக்கு மொழிபெயர்ப்புத் தாள் நடத்தும் பொறுப்பு இந்த ஆண்டும் நம்மிடமே வந்து சேர்ந்தது. ஆண்டுதோறும் சிறுகதையும் சொற்பொழிவும் கொடுத்துச் சலித்துவிட்டதால், தென்கொரியாவின் கே-9 பீரங்கி வண்டி உருவான வரலாற்றைச் சொல்லும் ஆங்கிலக் கட்டுரை ஒன்றை இம்முறை பிரதியெடுத்துக் கொடுத்தோம். தமிழ்த் துறையில் பீரங்கிக்கு என்ன வேலை என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில், மதுரை மதில்மேல் இருந்த போர்ப்பொறிகளை இளங்கோவடிகள் வரிசையாக அடுக்கிச் சொல்லவில்லையா என்று திருப்பிக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்த வண்டியைப் பற்றி அப்போது நமக்கு மாணவர்களைவிட அதிகமாக ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

கட்டுரையோடு ஒரு கலைச்சொல் பட்டியலும் கொடுத்திருந்தோம். 'செல்ஃப் புரொப்பெல்டு' என்பதற்கு 'தானியங்கி' என்று அதில் எழுதியிருந்தோம். வகுப்பு முழுவதும் 'தானியங்கிப் பீரங்கி' என்றே எழுதிக் கொடுத்திருக்க, ஒரே ஒரு மாணவி மட்டும் 'தானே ஊர்ந்து செல்லும் பீரங்கி வண்டி' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்துப் பட்டியலிலிருந்த சொல்லை மேலே எழுதினோம். அவளுடைய தாளில் இன்னொரு குறையும் இருந்தது. மூலத்தில் உள்ள பத்திகளில் ஒன்று அடியோடு விடுபட்டிருந்தது. அதற்கு இரண்டு மதிப்பெண் குறைத்தோம்.

தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று மாலை அவள் துறைக்கு வந்தாள். விருதுநகர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண், அதிகம் பேசாதவள்.

"ஐயா, எங்க அண்ணன் பட்டாளத்துல இந்த வண்டிக்குள்ளதான் இருக்கான். மருந்து எடுத்து வைக்கிறது அவன் வேலை. அது தானியங்கின்னா அவனுக்கு அங்க என்ன சோலி ஐயா?"

நம்மால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. 'தானியங்கி' என்றால் மனிதக் கையின்றித் தானே வேலை செய்வது. இந்த வண்டியின் ஆங்கிலப் பெயரோ, மாடும் லாரியும் இழுக்காமல் தன் எஞ்சினால் தானே நகர்வது என்பதை மட்டுமே சொல்கிறது. சுடுவதைப் பற்றி அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வரும் நாம் நகர்வதையும் இயங்குவதையும் ஒன்றாகக் குழப்பியிருக்கிறோம். (பீரங்கி என்ற சொல்லே நம்முடையதன்று. பறங்கி, பீரங்கி இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பர். இரவல் வாங்கிய சொல்லுக்கு அடைமொழி கொடுக்கும்போதாவது கவனமாக இருந்திருக்கலாம்.) அடித்த இடத்தில் மீண்டும் சரி என்று குறியிட்டுக் கொடுத்தோம். விடுபட்ட பத்தியைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் அந்த வண்டியைப் பற்றி ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினோம்.

பீரங்கிக்குக் கால் முளைக்க வேண்டிய தேவை ஏன் வந்தது? முதற்காரணம் படையின் வேகம். டாங்கிகளும் கவச வண்டிகளும் விரைந்து போகும்போது, இழுத்துச் செல்லும் பீரங்கி பின்தங்கிவிடும். இரண்டாவது காரணம் நமக்குப் புதிதாக இருந்தது. குண்டு வானில் போகும் பாதையை எதிரியின் ராடார் பிடித்துவிட்டால், அது எந்த இடத்திலிருந்து புறப்பட்டது என்று கணக்கிட்டுவிடலாம். சில நிமிடங்களில் அதே இடத்துக்குப் பதில் குண்டு வந்து விழும். இழுவைப் பீரங்கியை மடக்கி, லாரியில் பூட்டிக் கிளம்புவதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆகவே சுட்டதும் இடத்தைக் காலி செய்ய வேண்டும். ஓடுவது கோழைத்தனம் என்று புறத்திணைப் பாடம் நடத்திப் பழகிய நமக்கு, ஓடுவதற்கென்றே கோடிக்கணக்கில் செலவிட்டு ஒரு கருவியைச் செய்திருக்கிறார்கள் என்பது முதலில் விந்தையாக இருந்தது.

தென்கொரியாவுக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. வடகொரியாவின் பீரங்கிகள் எல்லைக்கு அப்பால் பெருந்தொகையாக நிற்கின்றன. சியோல் நகரமே அவற்றில் சிலவற்றின் எட்டும் தூரத்தில் இருக்கிறது. தெற்கில் 1980களின் நடுவிலிருந்து இருந்தது, அமெரிக்காவின் எம்-109 வண்டியை உரிமம் பெற்றுச் செய்த கே-55. அதன் சாதாரணக் குண்டு ஏறத்தாழ 18 கிலோமீட்டர் போகும். அது போதாது என்று 1989இல் அந்நாட்டின் பாதுகாப்பு வளர்ச்சி முகமையும் சாம்சங் நிறுவனமும் சேர்ந்து புதிய வண்டிக்கான வேலையைத் தொடங்கின. (சாம்சங் என்றதும் நமக்குக் கைப்பேசிதான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பிரிவு பிற்பாடு ஹன்வா குழுமத்தின் கைக்குப் போய்விட்டது.) முதல் மாதிரி வண்டி 1996இல் வந்தது, 1999இல் படையில் சேர்ந்தது. பத்தாண்டு உழைப்பு.

குழலின் துளை 155 மில்லிமீட்டர். நீளம் அந்தத் துளையைப்போல் 52 மடங்கு, அதாவது எட்டு மீட்டருக்குச் சற்று மேல். பழைய கே-55இன் குழல் 39 மடங்குதான். குழல் நீண்டால் எரிவாயு குண்டை அதிக நேரம் உந்தித் தள்ளும். குண்டு தொலைவு போகும். சிறப்புக் குண்டுகளைக் கொண்டு 40 கிலோமீட்டர் வரை எட்டுகிறது என்கிறார்கள். வண்டியின் எடை 47 டன். அதை 1000 குதிரைத்திறன் கொண்ட ஜெர்மன் எஞ்சின் நகர்த்துகிறது. நின்றிருந்தால் 30 விநாடியிலும், ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தி 60 விநாடியிலும் முதல் குண்டைச் சுட்டுவிடும். 15 விநாடியில் மூன்று குண்டுகள். முதலாவதை உயரமான வளைவிலும், அடுத்தடுத்தவற்றைத் தாழ்ந்த வளைவுகளிலும் அனுப்பி, மூன்றும் ஒரே கணத்தில் ஒரே இடத்தில் விழும்படியும் செய்ய முடியும். இந்தக் கணக்கைப் படித்த இரவு நமக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. விழும் இடத்தில் இருப்பவனுக்குப் பதுங்க ஒரு விநாடியும் கிடைக்கலாகாது என்பதல்லவா அதன் பொருள்?

இந்த வண்டி உண்மையான சண்டையைக் கண்டது 2010 நவம்பர் 23 அன்று, யோன்பியோங் தீவில். வடகொரியக் கரையிலிருந்து சுமார் 170 குண்டுகள் வந்தன. அவற்றுள் ஏறத்தாழ பாதி தீவின்மேல் விழுந்தது. கடற்படை வீரர் இருவரும் குடிமக்கள் இருவரும் இறந்தனர். தீவில் ஆறு கே-9 வண்டிகள் இருந்தும், எல்லாவற்றாலும் உடனே சுட முடியவில்லை. பதில் குண்டு கிளம்பச் சுமார் 13 நிமிடம் ஆயிற்று. 30 விநாடி என்று ஏட்டில் எழுதிய வண்டிக்கு 13 நிமிடம். தொழிற்சாலைக் கணக்குக்கும் தலைமேல் குண்டு விழும்போது உள்ளே இருப்பவன் கைக்கும் நடுவே அவ்வளவு தொலைவு இருந்திருக்கிறது. மொத்தம் 80 குண்டுகளை அவர்கள் திருப்பிச் சுட்டார்கள்.

இந்தியக் கதைக்கு வந்தால் நம்மூர்ப் பக்கம் ஒரு கிளை உண்டு. ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கியின் அடிப்பாகத்தின்மேல் தென்னாப்பிரிக்காவின் டெனெல் நிறுவனத்துக் கோபுரத்தைப் பொருத்தி, 'பீம்' என்று பெயரிட்டுச் சோதித்தார்கள். வேறொரு ஆயுத பேரத்தில் எழுந்த லஞ்சப் புகாரினால் 2005இல் அந்நிறுவனத்தோடு உறவு முறிய, பீமனும் அத்தோடு படுத்துவிட்டான். பிறகு ராஜஸ்தான் மணலில் சோதிக்கப்பட்டு, 2017இல் ஒப்பந்தமாகி, குஜராத்தின் ஹசீராவில் எல் அண்டு டி ஆலையில் 'வஜ்ரா' என்ற பெயரோடு உருவானது இந்தக் கொரிய வண்டிதான். நூறாவது வண்டி 2021 பிப்ரவரியில் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. பாலைக்கென்று வாங்கியதை அதே ஆண்டில் லடாக்கின் குளிருக்கும் ஏற்றினார்கள். இன்னும் நூறு வண்டிகளுக்கு 2024 டிசம்பரில் கையெழுத்தாயிற்று.

மாணவியின் அண்ணன் விடுப்பில் வந்தபோது, தங்கையை அழைத்துப் போகக் கல்லூரிக்கு வந்தார். அவள் நூலகத்தில் புத்தகம் ஒப்படைக்கப் போயிருந்த பத்து நிமிடம் நம்மோடு உட்கார்ந்திருந்தார். எங்கே இருக்கிறார் என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உள்ளே ஐந்து பேர் என்பதும் அவரவர் வேலையும் ஏடுகளிலேயே இருப்பதுதான்: தலைவர், ஓட்டுநர், குறிபார்ப்பவர், குண்டும் மருந்தும் இடும் இருவர். குண்டு ஒவ்வொன்றும் 45 கிலோ அளவில் இருக்கும். சிமெண்டு மூட்டைக்குச் சற்றுக் குறைவு. அதை அடுக்கிலிருந்து எடுத்துக் குழலுக்கு நேரே கொண்டுவருவது இயந்திரம். அதன் பின்னால் வெடிமருந்துக் கட்டை வைப்பது மனிதக் கை.

"குண்டை அது பாத்துக்கிடும் ஐயா. மருந்து நாம வைக்கணும்" என்று சொல்லி, வலக்கையை முன்னால் நீட்டிக் காட்டினார். நம் மேசைமேல் இருந்த விடைத்தாள் கட்டு அவர் விரலில் பட்டுச் சரிந்தது. அதை அடுக்கி வைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "கொரியாவுல நடந்ததெல்லாம் தங்கச்சிகிட்டச் சொல்லிராதீங்க ஐயா. வீட்டுல பயந்துக்கிடும்" என்றார்.

சரி தம்பி என்றோம். அந்தக் கட்டுரையை அவளுக்குப் பாடமாகக் கொடுத்தவர்களே நாம்தான் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை.

கொரியாவில் நடந்தது இரண்டு. 1997 டிசம்பரில், வண்டி இன்னும் சோதனையில் இருந்தபோது, விரைவாகச் சுடும் பரிசோதனையில் உள்ளே தீப்பற்றி, உருவாக்கும் குழுவைச் சேர்ந்த ஒருவர் தீக்காயத்தால் இறந்தார். பிறகு 2017 ஆகஸ்டில் சோர்வன் என்ற இடத்துப் பயிற்சிக் களத்தில், குழலின் பின்வாய் முழுதும் மூடாத இடைவெளியின் வழியே தீ உள்ளே வந்து, அங்கிருந்த வெடிமருந்தைப் பற்றிக்கொண்டது. மூவர் இறந்தனர், நால்வர் காயமுற்றனர். எல்லோரும் இளைஞர்கள். அண்ணன் கை நீட்டிக் காட்டிய இடம் அந்தப் பின்வாய்தான்.

கே-9இன் அடுத்த வடிவமான ஏ-2 இந்தக் கையைத்தான் எடுத்துவிடப் பார்க்கிறது. குண்டையும் மருந்தையும் இயந்திரமே இடும். ஐவருக்குப் பதில் மூவர் போதும். நிமிடத்துக்கு ஒன்பது குண்டு சுடலாம் என்கிறார்கள். அமெரிக்காவின் குரூசேடர் இதே வழியில் மூவரோடு போய், 2002இல் கைவிடப்பட்டது. ஜெர்மனியின் ஆர்சிஹெச்-155இல் சுடும் கோபுரத்துக்குள் ஆளே கிடையாது. முன்னால் இருவர் அமர்ந்திருப்பார்கள். தயாரிப்பாளர்கள் வேகத்தையும் ஆட்குறைப்பையும் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். சோர்வனைப் பற்றிப் படித்த பிறகு நமக்கு அந்த விளம்பரம் வேறு மாதிரி கேட்டது. நாம் பிழையாகக் கொடுத்த சொல்லை நோக்கித்தான் அந்த வண்டி போய்க்கொண்டிருக்கிறது. பிழை பிழைதான், அதில் நமக்குப் பெருமை ஒன்றும் இல்லை. எனினும், கையே வேண்டாத பீரங்கி வந்தால், மூன்று குண்டும் ஒரே கணத்தில் விழும் அந்த இடத்தில் இருப்பவனுக்கு அதனால் என்ன மாறிவிடும் என்ற கேள்வி மட்டும் நம்மை விடவில்லை.

அடுத்த வாரம் இந்த ஏ-2 செய்தியை அவளிடம் சொன்னோம்.

"அப்ப அண்ணன் மாதிரி ஆளுக்கு அதுல எடம் இருக்காதுல்ல ஐயா?"

"இருக்காதும்மா."

சற்று நேரம் பேசாமல் நின்றாள். அப்போதுதான், எந்தப் பத்தியை அவள் விட்டிருந்தாள் என்பது நம் நினைவுக்கு வந்தது. ஏன் விட்டாய் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது, என்றாலும் கேட்டோம்.

"எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன் ஐயா. அண்ணன் வண்டியைப் பத்தின்னு சொன்னதும் பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டாங்க."

மூலத்துக்கு உண்மையாக இருப்பதே மொழிபெயர்ப்பின் முதற்கடமை என்று முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதிப்போட்டவர் நாம். குறைத்த இரண்டு மதிப்பெண்ணைக் கூட்டிக் கொடுக்க மனம் சொன்னது. தாளைக் கேட்டு வாங்கவும் செய்தோம். பிறகு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டோம். அவளும் மதிப்பெண்ணுக்காக வந்தவளாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை, வகுப்புத் தொடங்குமுன் ஒரு தாளை நான்காக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். விடுபட்ட பத்தி, ஒரு சொல் குறையாமல், நல்ல தமிழில் இருந்தது. பின்வாய், மூடி, மருந்துக்கட்டு எல்லாவற்றையும் சரியாகவே எழுதியிருந்தாள். இறந்தவர்களின் எண்ணிக்கையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதியிருந்தாள்.

"இதை மட்டும் திருப்பித் தராதீங்க ஐயா. இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

துறை மேசையின் இழுப்பறையில் அது இருக்கிறது.