கறியும் கவசமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

ஒசூர் எல்லையைத் தாண்டிப் பெங்களூர் சென்றால், ரஸ்க் தூள் போர்த்திப் பொரித்த பன்றிக்கறி உயர்தர உணவகத்தில் தட்டேறி வருகிறது. ஜப்பானியர் இதை 'டோன்காட்சு' என்பர். 'டோன்' என்றால் பன்றிதான்! அங்கே அது நாகரிகம். அதே கறி எங்கள் வீட்டுச் சட்டியில் ஞாயிறன்று குழம்பாகக் கொதித்தால், மூக்கைச் சுளிப்போர் பலர். போர்வை மாறினால் சத்துக் கூடுமா? கணக்கிட்டுப் பார்த்தேன்.

கொழுப்பு நீக்கிய 100 கிராம் பன்றிக்கறியில் ஏறத்தாழ 21 கிராம் புரதம். ஆற்றல் சுமார் 140 கலோரி. தீட்டிய அரிசியில் குறைந்துபோகும் தயமின் என்னும் பி1 வைட்டமின், ஆட்டுக்கறியையும் கோழிக்கறியையும் விட இதில் மிகுதி. இனி அதன்மேல் 30 கிராம் மாவும் ரஸ்க் தூளும் பூசி, அது 15 கிராம் எண்ணெயைக் குடித்ததாகக் கொள்வோம். மாவால் 105 கலோரி. கிராமுக்கு 9 வீதம் எண்ணெயால் 135. ஆகக் கவசம் மட்டும் 240! புரதமோ 3 கிராம் கூடினால் அதிகம்.

காய்ந்த எண்ணெயே மீண்டும் காய்ந்தால் கேடு வேறு. அதில் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது 2018 ஜூலை முதல் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதி. இரவு ஷிப்டு முடிந்து தள்ளுவண்டியில் வறுவல் வாங்கும் என் அண்ணன் எந்தக் கருவியால் அதை அளப்பான்?

அம்மாவின் குழம்பைப் பாருங்கள். தயமின் நீரில் கரைவது. வேகவைத்த நீரைக் கொட்டினால் பெரும்பகுதி போய்விடும். குழம்பிலோ சாற்றிலேயே தங்கி, கேழ்வரகுக் களியோடு வயிற்றுக்கு வருகிறது. களி தரும் சுண்ணாம்புச் சத்தும் சேர்கிறது. கொழுப்பைச் சீவி, நாடாப்புழு இளவுயிரிகள் மடியும்படி நன்றாக வேகவைத்தால், மூட்டை தூக்கும் தந்தைக்கு இதைவிட மலிவான உரம் எது?

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிப் படியேறியவன் நான். "இந்தக் கறியைப் பற்றி அங்கே பேசாதே" என்றே அம்மா அனுப்பினாள். அவளை அப்படி அஞ்ச வைத்தது எது?

உண்பதும் உண்ணாமையும் அவரவர் விருப்பம். அதில் எவர்க்கும் வழக்கில்லை. ஆனால் உணவை அளக்க வேண்டியது தராசும் சோதனைக் குழாயும். உண்பவரின் குலமும் தெருவும் அல்ல. அறிவியல் பயிலும் நாமாவது இதை உணர வேண்டாமா?