வேம்பு காத்த தோட்டம்

யாழ்ப்பாணத்திலிருந்து பலாலி வீதியால் வடக்கு நோக்கிப் போகும் பஸ்ஸில் ஏறினால், உரும்பிராய் தாண்டியதும் இருபுறமும் செம்மண் தோட்டங்கள்தான். வெங்காயம், கரட், பீற்றூட், புகையிலை, வாழை என்று ஒரு துண்டு நிலமும் சும்மா கிடக்காது. புன்னாலைக்கட்டுவன் கடந்து வயாவிளான் பக்கம் போகப் போகக் காட்சி மாறுகிறது. பற்றை மண்டிய வளவுகள், கூரையில்லாத சுவர்கள், அவற்றுக்கு நடுவே புதிதாகக் கொத்திய தோட்டங்கள். 1990 இல் இடம்பெயர்ந்த மக்களின் காணிகள் இவை. 2009 இற்குப் பின்னர் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. இன்னும் எல்லாக் காணிகளும் விடுபடவில்லை.

அங்கே நான்கு பரப்புத் தோட்டம் செய்யும் ஒரு அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். போரில் கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகளின் படிப்பும் சாப்பாடும் இந்தத் தோட்டத்தை நம்பித்தான். "வந்து பாக்கேக்க வீடும் இல்லை, கிணறும் தூர்ந்து போச்சு. இந்த மூண்டு வேம்பும்தான் மிச்சம், தங்கச்சி" என்றார். அந்த மூன்று மரங்களும் இன்று அவருக்குப் பெரிய துணை.

வெங்காயத்திற்கு எதிரி பூஞ்சணம். மழையும் பனியும் சேர்ந்தால் தாள் முறுகிச் சுருண்டு விழும். அல்லது தாளில் ஊதா நிறப் புள்ளி விழுந்து காயும். பாகலுக்கும் பூசணிக்கும் இலையில் மாப் பூசினாற்போல் சாம்பல் நோய் வரும். கண்டவுடன் கடைக்கு ஓடி மருந்து வாங்குவதே எங்கள் வழக்கம். ஆண் துணையில்லாத வீடு என்றால் மருந்துக் காசோடு, மருந்து அடிக்கிறவருக்குக் கூலியும் சேரும். அடித்த மருந்து இலையோடு நிற்பதுமில்லை. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக் கல்லுக்குள் தேங்கி நிற்கும் நீரைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். மண்ணில் ஊற்றுவது அந்த நீரையும் போய்ச் சேரலாம். நாங்கள் அதிகம் பாவிக்கும் பூஞ்சண மருந்துகளில் ஒன்றான மான்கோசெப்பின் அனுமதியைப் புதுப்பிப்பதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசெம்பரில் முடிவெடுத்ததையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

2021 மே மாதம் இரசாயனப் பசளைக்கும் பீடைநாசினிக்கும் அரசாங்கம் இறக்குமதித் தடை போட்டது. முன்னாயத்தம் எதுவும் இல்லாமல் வந்ததால் நாடெங்கும் கமக்காரர் தவித்தனர். நவம்பரில் தடை நீங்கியது. "அந்த நேரம் கடையில ஒண்டும் இல்லை. அப்பதான் அண்ணாந்து வேம்பைப் பாத்தனான்" என்று அக்கா சிரித்தார்.

ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும். அவர் பிள்ளைகளோடு பொறுக்கி, தோல் சதை நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி வைக்கிறார். ஈரத்தோடு கட்டினால் கொட்டையிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். பிறகு செக்கில் கொடுத்து எண்ணெய் எடுக்கிறார். கொட்டையை இடித்து ஊறவைத்த தண்ணீர் முக்கியமாகப் பூச்சிக்குத்தான். பூஞ்சணத்திற்கு எண்ணெயே நல்லது.

அவருடைய அளவு இதுதான்: ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய். தண்ணீரில் சிறிது சவர்க்காரத்தைக் கரைத்த பின்னரே எண்ணெயை ஊற்றி நன்றாகக் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். வெயில் தாழ்ந்த பின் தெளிக்க வேண்டும், கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும். முதலில் இரண்டு மூன்று செடிகளில் தெளித்து, ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குத் தெளியுங்கள். ஏழு நாளுக்கு ஒருமுறை, மழை கழுவினால் மீண்டும். உள்ளிச் சாற்றையும் அவர் பாவிக்கிறார். பச்சையாக நசித்தால்தான் உள்ளியில் பூஞ்சணத்தை அடக்கும் சத்து உண்டாகும். அவித்தால் பயனில்லை. அன்றைக்கே தெளித்துவிட வேண்டும்.

இது நோய் வருமுன் காக்கும் வழி. முறுகிய தாளை வேப்பெண்ணெய் நிமிர்த்தாது. மாரியில் நோய் கடுமையாகப் பரவினால் இது மட்டும் போதாது என்பதை அக்காவே ஒப்புக்கொண்டார். அதனால் நோயில்லாத விதை வெங்காயம், தண்ணீர் தேங்காத பாத்தி, ஒரே நிலத்தில் தொடர்ந்து வெங்காயம் நடாமை, நோய்ச் செடியைப் பிடுங்கி எரித்தல் ஆகியவற்றில் கவனமாக இருக்கிறார். சந்தேகம் வந்தால் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கிறார். சாம்பல் நோய்க்குக் கடை மருந்து வாங்குவதை முற்றாக விட்டுவிட்டார். வெங்காயத்திற்குக் குறைத்திருக்கிறார். தெளிப்பது தானே என்பதால் கூலியும் மிச்சம்.

வேப்பெண்ணெயின் இந்தக் குணத்திற்கு ஒரு வழக்கே நடந்தது. வேப்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சணத்தை அடக்கும் முறைக்கு டபிள்யூ. ஆர். கிறேஸ் என்ற அமெரிக்கக் கம்பனியும் அந்நாட்டு விவசாயத் திணைக்களமும் 1994 இல் ஐரோப்பாவில் காப்புரிமை பெற்றன. இந்தியாவின் வந்தனா சிவா, பெல்ஜியத்தின் மக்டா ஆல்வூட், சர்வதேச இயற்கை விவசாய இயக்கத்தைச் சேர்ந்த லிண்டா புல்லார்ட் ஆகிய மூன்று பெண்கள் முன்னின்று அதை எதிர்த்தனர். இந்தியாவில் முன்பே தெரிந்த முறை என்று சாட்சியம் வைத்தனர். 2000 இல் காப்புரிமை ரத்தானது. மேன்முறையீடும் 2005 மார்ச் 8 ஆந் திகதி தள்ளுபடியானது. அன்று உலக மகளிர் தினம்!

சகோதரிகளே, இயற்கை மருந்து என்றாலும் கவனம் வேண்டும். வேப்பெண்ணெய் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம், உயிருக்கும் ஆபத்து. எட்டாத இடத்தில், பெயர் எழுதி வையுங்கள். புகையிலை அவித்த தண்ணீர் கொடிய நஞ்சு. அதைத் தொடாதீர்கள். தெளிக்கும்போது வாயையும் மூக்கையும் துணியால் கட்டி, பின்னர் கைகால் கழுவுங்கள்.

வளவில் ஒரு வேம்பு நின்றால் வரும் ஆனியில் கொட்டையை வீணாக விடாதீர்கள். நாலைந்து வீட்டார் சேர்ந்து பொறுக்கினால் ஒரே தடவையில் செக்குக்குக் கொடுத்துப் பங்கிட்டுக் கொள்ளலாம். முதலில் ஒரு பாத்தியில் செய்து பாருங்கள். பலன் கண்டால் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் சொல்லிக் கொடுங்கள்.