மரமிய்யா இலையும் குப்பி எண்ணெயும்

ஜோர்தானில் வேலை செய்து ஊர் திரும்பும் நம் சகோதரிகள் பலரின் பெட்டியில் சாம்பல் பூத்த பச்சை நிறத்தில் ஒரு காய்ந்த இலை இருக்கும். அரபிகள் இதை மரமிய்யா என்பார்கள், ஆங்கிலத்தில் சேஜ். தேத்தண்ணீரில் இரண்டு மூன்று இலையைப் போட்டுச் சீனியோடு குடிப்பார்கள். வயிறு ஊதினால் அங்கே கைவைத்தியம் இதுதான். தொண்டை நோவுக்கு அவித்த நீரில் கொப்பளிப்பதும் உண்டு. நமக்குக் கொத்தமல்லி எப்படியோ, அவர்களுக்கு இது அப்படி.

இலையைக் கசக்கினால் யூகலிப்டஸ் மணம் வரும். இரண்டிலும் சினியோல் என்ற பொருள் இருப்பதே காரணம். கற்பூரமும் கொஞ்சம் உண்டு. இவற்றோடு துஜோன் என்று ஒன்று இருக்கிறது. கவனிக்க வேண்டியது இதைத்தான். மூளையின் துடிப்பை அடக்கி வைக்கும் காபா என்ற பொருளின் வேலையை இது தடுக்கும். அளவு மிஞ்சினால் வலிப்பு வரும். பலஸ்தீன், லெபனான் மலைகளில் வளரும் மூவிலைச் சேஜில் துஜோன் குறைவு, ஐரோப்பியத் தோட்டச் சேஜில் அதிகம். பொதியில் நொறுங்கிக் கிடக்கும்போது எது எதுவென்று நமக்கு எங்கே தெரியப்போகிறது!

துஜோன் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. ஆகவே இரண்டு இலைத் தேத்தண்ணீரில் பயமில்லை. எண்ணெயின் கதை வேறு. நூறு கிராம் காய்ந்த இலையில் எண்ணெய் ஏறக்குறைய 2 கிராம்தான். பத்து மில்லி லீற்றர் குப்பி என்றால் அரைக் கிலோ இலையின் சாரம்!

என் ராத்தா இலையோடு அப்படியொரு குப்பியும் கொண்டு வந்திருந்தார். அவருடைய மகளுக்குப் பிள்ளை கிடைத்து இருபது நாள். பிள்ளை வயிற்று நோவில் வீறிட்டு அழ, "சீனியில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் தடவுங்களேன்" என்றார் உறவுக்காரப் பெண்மணி ஒருவர். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் குப்பியை வாங்கி மூடிவிட்டேன். பச்சிளங்குழந்தை ஒன்றுக்கும் சிறுபிள்ளை ஒன்றுக்கும் சேஜ் எண்ணெய் உள்ளே போனபின் வலிப்பு வந்ததைத் துருக்கி மருத்துவர்கள் 2011இல் எழுதியிருக்கிறார்கள். பிள்ளையை டொக்டரிடம் காட்டினோம்.

மருமகள் தனக்காவது மரமிய்யாத் தேத்தண்ணீர் வேண்டும் என்றாள். பால் மறக்கடிக்க, சுரப்பை வற்றச் செய்யவென்றே இதைக் குடிக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்ப்பதே நல்லது என்பது ஐரோப்பிய மருந்து முகமையின் கருத்து. பிள்ளை பால் மறந்த பிறகு ஆசைதீரக் குடிக்கச் சொல்லியிருக்கிறேன். இலை டின்னில் பத்திரமாக இருக்கிறது. குப்பி, அலுமாரியில் பூட்டோடு.