ஊற்றுக்கண் நகரில் இருபது நாள்கள்

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அல் ஐன் நகருக்குச் செல்கின்றேன் என்று கூறியபோது, பண்டார் தெங்காராவில் என்னை அறிந்தோர் அனைவரும் ஒரே வினாவைத்தான் எழுப்பினர். "டிசம்பரில் போகக்கூடாதா, டீச்சர்? இப்போது போனால் வெந்துவிடுவீர்களே!" அவர்கள் அஞ்சியதில் தவறில்லை. அவ்வாண்டு மே மாதத்தில்தான் அல் ஐன் வட்டாரத்திலுள்ள சுவைஹான் என்னும் ஊரில் வெப்பம் 51.6 பாகை செல்சியசைத் தொட்டிருந்தது. நம் ஊரில் 34 பாகை ஆனாலே காலைச் சபைக்கூடலைச் சுருக்கிக்கொள்கின்றோம்.

ஆயினும் டிசம்பரில் என் தோழிக்கு விடுப்பில்லை. அவர் அங்கே தாதியாகப் பணியாற்றுகின்றார். நாங்கள் இருவரும் ஒரே தோட்டத்துப் பிள்ளைகள். ஒரே தமிழ்ப்பள்ளியில், ஒரே நீண்ட பலகையில் அமர்ந்து படித்தவர்கள். அவர் 17 ஆண்டுகளாக அங்கே இருக்கின்றார். "ஒரு முறையேனும் வா" என்று அவர் அழைப்பதும், "அடுத்த விடுமுறைக்கு வருகின்றேன்" என்று நான் கூறுவதும் வழக்கமாகிப் போயிருந்தன. பள்ளி விடுமுறை என்பது ஆசிரியர்களுக்கு எப்படிக் கழியும் என்பதை இங்கு வரும் ஆசிரிய நண்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விருப்ப ஓய்வு பெற்ற பிறகுதான், அவசரமின்றி ஓரிடத்தில் இருபது நாள்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

புறப்படும் முன்பு தோழியின் தாயாரைக் காணச் சென்றேன். அவருக்கு 78 அகவை. மகன் குடும்பத்துடன் நம் ஊரிலேயே வாழ்கின்றார். ஒரு புட்டி நெத்திலிச் சம்பல், ஒரு பொட்டலம் முறுக்கு, நான்காக மடித்த ஒரு கடிதம் ஆகியவற்றைக் கொடுத்தார். "சம்பல் மகளுக்கு. கடுதாசி பேத்திக்கு. நீயே படித்துக் காட்டிவிடாதே, அவளையே படிக்கச் சொல்" என்றார். பேத்திக்கு 12 வயது. அவளுக்குத் தமிழ் பேச வரும், தட்டுத் தடுமாறி. படிக்க வராது. பாட்டிக்கு இது தெரியாமலில்லை. தெரிந்துதான் எழுதியிருந்தார்.

அபுதாபி வானூர்தி நிலையத்திலிருந்து அல் ஐன் செல்ல மகிழுந்தில் ஒன்றரை மணி நேரம் ஆகின்றது. வழியெங்கும் மணல், சாலையின் இரு மருங்கிலும் சொட்டுநீர்க் குழாய்களின் தயவில் நிற்கும் மரங்கள். நகரம் கடலோரத்தில் இல்லாததால் காற்றில் ஈரமே இல்லை. நம் ஊரில் வியர்வை உடலில் வழியும். அங்கே வியர்ப்பதே தெரிவதில்லை, உப்பு மட்டும் சட்டையில் வெள்ளையாகப் படிகின்றது. துணி கால் மணி நேரத்தில் காய்ந்துவிடுகின்றது. எனக்குப் பெரு வியப்பளித்தது குளியலறைதான். மேல்மாடித் தொட்டியிலிருந்து வரும் 'குளிர்ந்த' நீர் கையைச் சுடும். ஆகவே கோடைக்காலத்தில் வெந்நீர்க் கலனின் மின்விசையை அணைத்துவிடுகின்றனர். வீட்டுக்குள் இருக்கும் அக்கலனில் தங்கிய நீர்தான் தண்ணீர்! சுடுநீர்க் குழாயைத் திறந்தால் குளிர்நீர், குளிர்நீர்க் குழாயைத் திறந்தால் சுடுநீர். இது பழக எனக்கு மூன்று நாள்கள் பிடித்தன.

வெயில் அங்கே நாளையே மாற்றி அமைக்கின்றது. விடிகாலை ஐந்தரை மணிக்கெல்லாம் நாங்கள் நடக்கக் கிளம்பிவிடுவோம். பத்து மணிக்கு மேல் வீடே உலகம். மீண்டும் வெளியே செல்வது மாலை ஏழு மணிக்குப் பின்புதான். பூங்காக்களில் இரவு பதினொரு மணிக்குக் குழந்தைகள் ஊஞ்சலாடுகின்றனர். ஜெபல் ஹஃபீத் மலைக்கும் ஓர் இரவில்தான் சென்றோம். கீழே நகரத்து விளக்குகள் அழகாக இருந்தன. ஒட்டகச் சந்தையையும் பார்த்தேன். அவற்றைப் பற்றிச் சுற்றுலாப் பக்கங்கள் நிறையவே எழுதியுள்ளன.

எனக்குப் பிடித்தது காலை நடைதான். நகரின் நடுவே ஒரு பேரீச்சந் தோப்பு உள்ளது. ஏறத்தாழ 1,200 எக்டர் பரப்பில் 147,000 மரங்கள். தாழ்ந்த மதில்களுக்கிடையே செல்லும் ஒற்றையடிப் பாதைகளில் நடந்தால், வெளியே கொளுத்தும் வெயில் உள்ளே நுழையவே அஞ்சுவது போல் இருக்கும். இத்தோப்பையும் சூழவுள்ள தொல்லிடங்களையும் யுனெஸ்கோ 2011இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. தோப்புக்கு உயிர் தருவது 'ஃபலஜ்' எனப்படும் கால்வாய். மலையடிவாரத்து நிலத்தடி நீரை, மண்ணுக்கடியில் மெல்லிய சரிவுடன் குடைந்த வழியாகப் பல கிலோமீட்டர் கொண்டுவருகின்றனர். பொறி எதுவுமின்றி நீர் தானாகவே ஓடி வரும். இவ்வட்டாரத்தில் ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஃபலஜ் கண்டெடுக்கப்பட்டுள்ளது. இப்போது ஆழ்துளைக் கிணறுகளும் கைகொடுக்கின்றன.

நீரைப் பங்கிடும் முறை இன்னும் நேர்த்தியானது. அவர்கள் நீரை அளப்பதில்லை, நேரத்தை அளக்கின்றனர். ஒவ்வொரு தோட்டத்திற்கும் இவ்வளவு நேரம் என்று முறை உண்டு. கடிகாரம் வருமுன் பகலில் நிழலையும் இரவில் விண்மீன்களையும் பார்த்து முறை மாற்றினராம். வாய்க்கால் மடையில் ஒரு கல்லை எடுத்து மறு மடையில் வைத்தால் நீர் அடுத்தவர் தோட்டத்திற்குப் போய்விடும். நம் லிங்கியு அணையை எண்ணிக்கொண்டேன். 1990ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஜொகூர் ஆற்று நீருக்காகக் கட்டப்பட்டது அது. மழைக்குப் பஞ்சமில்லாத நம் மண்ணிலேயே 2016இல் அதன் நீர்மட்டம் ஏறக்குறைய இருபது விழுக்காட்டிற்கு இறங்கியது. நாம் மறந்துவிட்டோம். அவர்களால் ஒரு நாளும் மறக்க இயலாது.

ஊரின் பெயரே நீரைக் குறிப்பதுதான். அரபு மொழியில் 'ஐன்' என்றால் கண். ஊற்று என்றும் பொருள். இதைத் தோழியின் மகள்தான் எனக்குச் சொன்னாள். ஏதோ புதுமையைச் சொல்வது போல் சொன்னவளிடம், "தமிழிலும் ஊற்றுக்கண் என்றுதானே சொல்கின்றோம்" என்றேன். அவள் நம்பவில்லை. தாயிடம் ஓடிச் சென்று கேட்டு வந்தாள். இரு மொழிகளும் ஒரே இடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருப்பது அவளுக்கு விந்தையாகிவிட்டது. அன்று நண்பகல்தான், "பெரியம்மா, எனக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித் தாங்க" என்று தானாகவே வந்து அமர்ந்தாள். நான் கடிதத்தைப் பற்றி அதுவரை வாய் திறக்கவில்லை.

அவள் பயிலும் தனியார் பள்ளியில் ஆங்கிலமே பாடமொழி. அரபு கட்டாயப் பாடம். தமிழுக்கு அங்கே இடமில்லை. நம் நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. வீட்டு வாசலில் பள்ளியை வைத்துக்கொண்டு, முதலாம் ஆண்டுப் பதிவுக்குப் பெற்றோரை வீடு வீடாகச் சென்று அழைக்கும் நிலையில் நாம் இருக்கின்றோம். தோழியின் நிலை வேறு. பணிமுறை இரவென்றும் பகலென்றும் மாறும். மகளுக்குக் கற்பிக்க எடுத்த நோட்டுப் புத்தகங்கள் மூன்று, ஒவ்வொன்றிலும் 'அ' முதல் 'ஔ' வரை மட்டும் எழுதப்பட்டு அலமாரியில் இருந்தன. அதைக் காட்டியபோது அவர் கண்கள் கலங்கின. "அம்மா போய்விட்டால் இவளுக்கும் ஊருக்கும் என்ன இருக்கப் போகிறது?" என்றார். நான் பதில் கூறவில்லை.

வெயிலின் கொடையால் எங்களுக்கு நாள்தோறும் நண்பகலில் இரண்டு மணி நேரம் கிடைத்தது. வெளியே போக வழியில்லை. தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் சலிப்பூட்டும் நேரம் அது. அரபு எழுத்துகளை வலமிருந்து இடமாகப் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் வரிவடிவம் கடினமாக இல்லை. ஓர் எழுத்து சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் உருமாறுவதற்கு அவள் பழகியவள். "இதிலே எழுத்து மாறாதா? அவ்வளவுதானா?" என்று கேட்டாள். உயிர்மெய்யின் முறைமை நான்கே நாளில் பிடிபட்டது. ஒலிப்பில்தான் இடர். 'ழ' அவளுக்கு வரவில்லை. பதிலுக்கு அரபு எழுத்தான 'ஐன்' என்பதை ஒலிக்குமாறு எனக்குச் சவால் விட்டாள். தொண்டையின் அடியிலிருந்து வரவேண்டிய ஒலி அது. நான் முயன்றபோதெல்லாம் அவள் சிரித்துப் புரண்டாள். மாணவர் ஆசிரியரைப் பார்த்துச் சிரிக்க வாய்ப்புள்ள வகுப்பில் கற்றல் விரைவாக நடக்கின்றது. ஆசிரிய நண்பர்கள் முயன்று பார்க்கலாம்.

பாடம் நடந்த அதே நேரத்தில் எதிரே உள்ள பூங்காவில் தொழிலாளர்கள் மர நிழலில் படுத்திருப்பர். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பிற்பகல் 12.30 முதல் 3.00 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். 2005ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ளது. ஒரு நாள் குளிர்ந்த மோரும் முறுக்கும் எடுத்துக்கொண்டு தோழியும் நானும் சென்றோம். அவர்களுள் ஒருவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். "அக்கா, மலேசியாவா? எங்க தாத்தாகூட அங்கதான் ரப்பர் காட்டுக்குப் போனாரு" என்றார். அவர் கைத்தொலைபேசியைச் செங்குத்தாகக் கல்லில் சாய்த்து வைத்திருந்தார். அங்கே 12.30 என்றால் தமிழ்நாட்டில் இரண்டு மணி. மனைவி சோறாக்கி முடித்து அமரும் நேரம். மகனுக்கு ஆறு வயது. அவனுடன் தாம் ஒரே வீட்டில் இருந்த நாள்களை அவர் எண்ணி வைத்திருந்தார், மொத்தம் 94.

ஐந்திணைகளுள் பாலையைப் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் படித்தபோது, வெளியே ஓயாத மழை. பாலைக்குரிய சிறுபொழுது நண்பகல், பெரும்பொழுது வேனில், உரிப்பொருள் பிரிவு என்று மனனம் செய்தோம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறுவதையும் படித்தோம். மணலுக்கும் பிரிவுக்கும் உள்ள தொடர்பு ஒரு கவிதை உத்தி என்றே அன்று தோன்றியது. அந்த மர நிழலில், வேனில் நண்பகலில், பொருள் தேடிப் பிரிந்து வந்த ஒருவர் கையளவுத் திரையில் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொல்காப்பியர் வகுத்த முதற்பொருளும் உரிப்பொருளும் ஒன்றும் குறையாமல் என் முன் இருந்தன. தோப்பின் நடுவே நின்றாலும் அவருக்கு அது பாலைதான். பதினேழு ஆண்டுகளாகக் குளிரூட்டிய வீட்டில் வாழும் என் தோழிக்கும் அப்படித்தான்.

பதினாறாம் நாள் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். முதல் வரியிலேயே அவள் நின்றுவிட்டாள். பாட்டி 1950களில் தோட்டத்துப் பள்ளியில் எழுதக் கற்றவர். அவருடைய 'லை', 'னை' ஆகியவற்றில் யானைத் துதிக்கை போன்ற பழைய சுழி இருந்தது. 'றா', 'னா' முதலியனவும் பழைய வடிவிலேயே இருந்தன. பெரியார் 1935இல் தம் இதழில் பயன்படுத்தி, தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்ற சீர்திருத்தத்தில் மாறிய 13 எழுத்துகளை ஒரு தாளில் இரு வடிவிலும் எழுதிக் கொடுத்தேன். ஒரு துப்பறிவாளரைப் போல் அதை வைத்துக்கொண்டு அவள் வரி வரியாக முன்னேறினாள். ஒன்றே முக்கால் பக்கம். இரண்டு நண்பகல்கள் ஆயின.

கடிதத்தில் பெரும்பகுதி பேரீச்சை பற்றியது. மகள் அனுப்பிய படத்தில் பேரீச்சையில் ஆண் மரம், பெண் மரம் என்று இருப்பதையும், கையால்தான் மகரந்தம் சேர்க்கின்றனர் என்பதையும் பாட்டி அறிந்திருந்தார். "நானும் அந்த வேலைதான் செய்தேன், கண்ணு" என்று எழுதியிருந்தார். செம்பனைக்கு மகரந்தம் பரப்பும் வண்டுகள் கேமரூன் நாட்டிலிருந்து வருவிக்கப்பட்டு 1981இல் மலேசியத் தோட்டங்களில் விடப்பட்டன. அதற்கு முன் பல தோட்டங்களில் ஆள்களே அதைச் செய்தனர். மகரந்தத் தூளை முகப்பவுடர் போன்ற மாவில் கலந்து, ஒவ்வொரு பெண் பாளையிலும் ஊதிச் செல்வாராம். வண்டு வந்த பிறகு அந்த வேலை போய்விட்டதாம். தோழிக்கே இது தெரியாது. தம் தாய் களை எடுக்கத்தான் போனார் என்று எண்ணியிருந்தார். கடைசி வரி ஒரு வினா: "அங்கே மழை பெய்தால் என்ன செய்வீர்கள்?"

நான் தங்கியிருந்த நாள்களில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரல்பதிவு அனுப்பலாம். நேரடியாகப் பேச முடியவில்லை. அதற்கு வேறு செயலி வேண்டும். பாட்டிக்கு இன்னொரு செயலியைக் கற்பிக்க மகன் முயன்று கைவிட்டுவிட்டார். ஆகவே பேத்தி எழுதித்தான் ஆகவேண்டும். தட்டச்சு செய்ய மறுத்துத் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பினாள். "பாட்டி, இங்கே மழை வந்தால் பள்ளிக்கூடம் லீவு. நாங்கள் வெளியே போய் நனைவோம்." நான்கு பிழைகள் இருந்தன. திருத்தக் கை பரபரத்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சற்று நேரத்தில் பாட்டியிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. அவர் பேசியதில் பாதி கேட்கவில்லை. நம் ஊரில் அப்போது மாலை நாலரை மணி. தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தோழி அதை மூன்று முறை போட்டுக் கேட்டார். பாட்டியின் குரலுக்காகவா, மழைக்காகவா என்று நான் கேட்கவில்லை.

நான் ஊர் திரும்பும்போது கலாஸ் வகைப் பேரீச்சை இரண்டு பெட்டிகள் கொடுத்தனுப்பினர். பாதி பழுத்து, ஒரு முனை தேனாகவும் மறுமுனை மொறுமொறுப்பாகவும் இருக்கும் பருவம். நம் கடைகளில் நோன்பு மாதத்தில் கிடைக்கும் உலர்ந்த பழத்திற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. குளிர்ப்பெட்டியில் வைக்காவிட்டால் மூன்று நாளில் புளித்துவிடும்.

கடிதப் போக்குவரத்து தொடர்கின்றது. சனிக்கிழமைகளில் எழுதுகின்றாள். அந்நாட்டில் 2022 முதலும், நம் ஜொகூரில் 2025 முதலும் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டதால், பாட்டியின் வீட்டில் படித்துக் காட்ட யாரேனும் இருக்கின்றனர். பாட்டியின் கண்புரை முற்றி வருகின்றது. சென்ற வாரம் எனக்கும் ஒன்று அனுப்பினாள். அதில் 'மலை' என்னும் சொல்லைப் பாட்டியைப் போலவே துதிக்கை வைத்து எழுதியிருக்கின்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "அதுதான் பார்க்க அழகாக இருக்கு, பெரியம்மா" என்று பதில் வந்தது.